பட்டு நூல் அளந்த பெட்டி

எங்கள் பட்டறைக்கு மத்திய அரசாங்கத்தின் ஆராய்ச்சி மானியம் கிடைத்திருக்கிறது என்ற செய்தியை மைசூர் மண்டி மொஹல்லா முழுக்கப் பரப்பியவர் என் அண்ணன்தான். மிளகாய் மண்டிக்காரர், பிளாஸ்டிக் குடக் கடைக்காரர், எதிர்ச்சாரி தையற்காரர் என்று ஒருவரையும் விடவில்லை. "டெல்லியிலிருந்து வந்திருக்கு, என் தங்கச்சி மெஷினுக்கு" என்று கன்னடத்தில் சொல்வார். கேட்டவர் தமிழர் என்று தெரிந்தால் தமிழிலும் ஒரு தடவை சொல்வார். நான் உள்ளே தலையைக் குனிந்தபடி சாலிடரிங் செய்துகொண்டிருப்பேன். மெஷின் என்று ஒன்று இன்னும் உருவாகவே இல்லை. உருவாகாத பொருளுக்கு வாழ்த்து வாங்குவது அப்போதே கூச்சமாகத்தான் இருந்தது.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எங்கள் அப்பா தர்மபுரிப் பக்கத்திலிருந்து மைசூருக்குக் கொத்து வேலைக்கு வந்தவர். அவர் போன பிறகு குடும்பத்தைத் தாங்கியவர் அண்ணன். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு, கடைக்காரர்களின் எலக்ட்ரானிக் தராசுகளைப் பழுது பார்க்கும் சின்னப் பட்டறை ஒன்றை வைத்திருந்தார். என்னை இன்ஜினியரிங் படிக்கவைத்தவரும் அவர்தான். படித்து முடித்ததும் வேலை தேடி பெங்களூருக்குப் போகாமல் நானும் அந்தப் பட்டறையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவருடைய தராசுகளுக்கு என்னால் புதிய சர்க்யூட் போட முடிந்தது. அதில் இரண்டு பேருக்குமே சந்தோஷம்.

கொள்ளேகால் பக்கத்துக் கௌதள்ளிக் கிராமத்திலிருந்து ஒருவர் பட்டுக்கூடு நிறுக்கும் தராசைப் பழுது பார்க்கக் கொண்டுவந்தார். விவசாயி. சொந்தமாகச் சின்ன ரீலிங் கொட்டகையும் வைத்திருந்தார். கொதிக்கும் தண்ணீர்த் தொட்டியில் கூடுகளைப் போட்டு இழை பிரித்து நூலாகச் சுற்றும் கொட்டகை. "நூலு ஒரு பக்கம் தடிப்பா, ஒரு பக்கம் மெலிசா வருதுங்க. சந்தையில பாத்த ஒடனே வெலயக் கொறச்சுப் போடறானுங்க. பெரிய மில்லுல அதப் பாக்கறதுக்குன்னே மிசினு இருக்குதாமுங்க, சீமை மிசினு. நமக்கெல்லாம் அது ஆகுங்களா?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகும் அது என் மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தது. நூலை ஒரு ஒளிக்கற்றையின் குறுக்கே ஓடவிட்டால் நிழல் விழும். நூல் தடித்தால் நிழல் தடிக்கும். நிழலை அளந்தால் நூலை அளந்தது போலத்தான். சின்னக் கொட்டகைக்காரர் வாங்கக்கூடிய விதத்தில் அதை இங்கேயே செய்ய முடியாதா? எனக்குக் கல்லூரியில் பாடம் எடுத்த ஆசிரியரிடம் கேட்டேன். புதிய தொழில்நுட்பத்தை முயன்று பார்க்கும் சிறு தொழில்களுக்கு அரசாங்கம் ஆராய்ச்சிப் பணம் தருகிறது, விண்ணப்பி என்றார். விண்ணப்பித்தோம். பெங்களூரில் ஒரு குழு என்னை உட்காரவைத்துக் கேள்வி கேட்டது. கிடைத்துவிட்டது.

அண்ணனுக்கு ஒரே ஒரு விஷயம்தான் கடைசிவரை பிடிபடவில்லை.

"ஓடலன்னா?" என்று கேட்டார்.

"ஓடலன்னா ஏன் ஓடலன்னு எழுதிக் குடுக்கணும். அவ்வளவுதான்ணா."

"பணத்தத் திருப்பிக் கேக்க மாட்டாங்களா?"

"மாட்டாங்க. ஒழுங்கா செலவு பண்ணியிருந்தா போதும்."

"அப்ப இது கடனா, தர்மமா?"

"ரெண்டும் இல்ல. ஆராய்ச்சி."

அவர் தலையை ஆட்டினார். நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. வேலை முடியாமல் யாரும் காசு தந்து அவர் பார்த்ததில்லை. தராசு சரியாகவில்லை என்றால் கடைக்காரன் கத்துவான். அதுதான் அவர் அறிந்த உலகம்.

பட்டறையில் என் கருவி ஓடியது. ஒரு கைராட்டையில் பட்டு நூலைச் சுற்றி ஒளிக்கற்றை வழியாக இழுத்தால், பெட்டியின் முகப்பில் சிவப்பு எண்கள் நூலின் கனத்துக்குத் தகுந்தபடி ஏறி இறங்கின. அந்த நாட்களில் நான் நடந்த நடையே வேறு. தமிழ்ச் சங்கத்துக்காரர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு எங்கள் இருவருக்கும் சால்வை போர்த்தினார்கள். "மைசூர் மண்ணில் ஒரு தமிழ்ப் பெண்ணின் சாதனை" என்று ஒருவர் மைக்கில் முழங்கினார். அண்ணன் முன்வரிசையில் கைகட்டி நின்றிருந்தார். அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு பெட்டியைக் கௌதள்ளிக்கு எடுத்துப் போனோம். கொட்டகைக்குள் கால் வைத்ததுமே எல்லாம் கெட்டது. தொட்டிகளிலிருந்து எழும் ஆவி, வெந்த கூட்டின் வாடை, ஈரம் சொட்டும் ஓடு. பெட்டியைத் தொட்டிப் பக்கத்தில் வைத்துச் சற்று நேரம் ஆனதுமே எண்கள் தாமாக ஏற ஆரம்பித்தன. நூலே இல்லாதபோதும் நூல் தடித்திருப்பதாகச் சொன்னது பெட்டி. துடைத்தேன், மூடினேன், தள்ளி வைத்தேன். மறுபடி போனோம், மறுபடியும் அதே கதை. கொட்டகைக்காரர் கோபிக்கவில்லை. "நீங்க பாருங்கம்மிணி, அவசரமில்லீங்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார். அவர் அப்படிச் சொல்வது எனக்குக் கோபத்தை விட மோசமாகப் பட்டது.

குழு பரிசோதனைக்கு வரும் நாள் நெருங்கியது. நான் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை. சேலத்தில் சித்தப்பா மகளின் கல்யாணம் வந்தது. அண்ணன்தான் என்னைப் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பினார். "சும்னே டென்ஷன் பண்ணிக்காத பாப்பா. அம்மாவக் கூட்டிட்டுப் போயிட்டு வா. வரதுக்குள்ள பெட்டிய நான் ஆவி புகாத மாதிரி பண்ணி வெக்கறேன்" என்றார்.

திரும்பி வந்தபோது பெட்டி மாறியிருந்தது. முன்பக்கத்து சென்சார் தலைக்குப் புதிதாக ஒரு அலுமினிய உறை. அதன் விளிம்பெல்லாம் எப்பாக்சிப் பசை பூசி அடைத்திருந்தது. அண்ணன் ஸ்டவ்வில் தண்ணீர் கொதிக்கவைத்து அதன் பக்கத்திலேயே பெட்டியை வைத்துக் காட்டினார். எண்கள் அசையவில்லை. நூலை இழுத்தார். நூலுக்கு மட்டும் அசைந்தன.

"எப்படிண்ணா?"

"உள்ள காத்தே போக வழியில்லாம அடச்சுட்டேன். திறந்துடாத, மறுபடி அடைக்கறது கஷ்டம்."

நான் குதித்தேன். உண்மையாகவே பட்டறைத் தரையில் குதித்தேன். அண்ணி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, என்னை நிமிர்ந்து பார்க்காமல் போனாள். அன்று அதற்கு எந்த அர்த்தமும் எனக்குத் தோன்றவில்லை.

குழுவில் மூன்று பேர். தில்லியிலிருந்து வந்த வயதான விஞ்ஞானி ஒருவர், கணக்கு பார்க்கும் அதிகாரி ஒருவர், பெங்களூரில் ஓர் உயர்கல்வி நிறுவனத்தில் பேராசிரியராக இருந்த தமிழர் ஒருவர். அண்ணன் பட்டறைக்குச் சுண்ணாம்பு அடித்து, வாசலில் மாவிலை கட்டி, ஓட்டலிலிருந்து கேசரிபாத்தும் உப்பிட்டு என்கிற உப்புமாவும் வரவழைத்திருந்தார். மிளகாய் மண்டிக்காரர் ரோஜா மாலையோடு வந்து நின்றார். தெருவில் பாதிப் பேர் வாசலில்.

நான் இங்கிலீஷில் விளக்கினேன். ஒத்திகை பார்த்து வைத்திருந்த இங்கிலீஷ். ஒளிக்கற்றை, நிழல், ஆவியால் வந்த தொந்தரவு, அதை எப்படி அடைத்தோம் என்பதெல்லாம் சொன்னேன். ஸ்டவ்வில் தண்ணீர் கொதித்தது. நூல் ஓடியது. எண்கள் அழகாக வந்தன. தில்லிக்காரர் "வெரி குட்" என்றார். வாசலில் யாரோ கை தட்டினார்கள்.

பேராசிரியர் மட்டும் பெட்டியின் அருகில் குனிந்து எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தமிழில் பேசினார்.

"ஏம்மா, இது ஒளியை வெச்சுத்தானே அளக்குது?"

"ஆமாம் சார்."

"ஒளியை அணைச்சுட்டா என்ன ஆகும்?"

"மொத்தமும் நிழலா ஆயிடும் சார். எண் உச்சிக்கு ஏறி நின்னுடும்."

"எங்க, அணைங்க பார்க்கலாம்."

ஒளிக்கென்று தனி சுவிட்ச் பெட்டியின் பின்புறம் இருந்தது. நான் வைத்த சுவிட்ச்தான். அதன் மேல் கையை வைத்தபோது பின்னாலிருந்து அண்ணன், "பாப்பா, வேணாம்" என்றார். சுவிட்ச் பழுதாகிவிடும் என்று பயப்படுகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பேராசிரியருக்கு என் கருவியின் நேர்மையைக் காட்டப் போகிற பெருமையோடு அதை அணைத்தேன்.

எண் உச்சிக்குப் போகவில்லை. நூல் ஓடிக்கொண்டிருந்தது. எண்களும் நூலுக்குத் தகுந்தபடி ஏறி இறங்கிக்கொண்டிருந்தன, ஒளி என்ற ஒன்று தேவையே இல்லாதது போல.

சுவிட்சைப் போட்டேன், மறுபடி அணைத்தேன். உள்ளே எங்கோ ஒயர் தவறாகச் சேர்ந்திருக்கிறது என்று நினைத்தேன். மறைப்பதற்காக அல்ல, உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். "ஒரு நிமிஷம் சார்" என்று சொல்லி ஸ்குரூடிரைவரை எடுத்தேன். எப்பாக்சியை நெம்பினேன். அது உடைந்து பெயர்ந்தது. உறை கழன்றது.

உள்ளே நான் செய்தது எதுவும் இல்லை. என் விளக்கு இல்லை, என் ஒளிக்கண் இல்லை. சாம்பல் நிறத்தில், கச்சிதமாக வார்த்த ஓர் உலோகத் தலை இருந்தது. அதன் பக்கவாட்டில் பெயர்த் தகட்டைச் சுரண்டி எடுத்த தடம். சுரண்டிய பிறகும் மூலையில் இரண்டு ஜப்பானிய எழுத்துகள் மிச்சம் இருந்தன. மூடிய பெரிய மில் ஒன்றின் பழைய சாமான்கள் பெங்களூரில் விற்பனைக்கு வந்தபோது அண்ணன் வாங்கி வந்தது என்று பிறகுதான் தெரிந்தது. ஒளியே இல்லாமல் மின்புலத்தால் நூலை அளக்கும் வகை. நாங்கள் எதை உருவாக்குகிறோம் என்று சொல்லி மானியம் வாங்கினோமோ அதை ஏற்கெனவே உருவாக்கி முடித்திருந்த நாட்டின் பொருள் அது.

அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தில்லிக்காரர் மிக மெதுவாக, "ப்ளீஸ் குளோஸ் தி பாக்ஸ்" என்றார். அந்த மெதுவான குரல் இன்றும் என் காதில் இருக்கிறது. திட்டியிருந்தால் பதிலுக்கு அழுதிருப்பேன். மூடச் சொன்னதால் மூடினேன். திருகாணி பள்ளத்தில் உட்காரவே இல்லை. பேராசிரியர் என் கையிலிருந்து ஸ்குரூடிரைவரை வாங்கித் தானே முறுக்கினார்.

தெருவில் நின்றவர்களுக்கு முதலில் எதுவும் புரியவில்லை. "ஏனாயித்து?" என்று, என்ன ஆயிற்று என்று தெரியாமல், மிளகாய் மண்டிக்காரர் இரண்டு முறை கேட்டார். மாலை அவர் கையிலேயே இருந்தது. வந்தவர்கள் கேசரிபாத்தைத் தொடாமல் எழுந்தார்கள். அவர்களுடைய டிரைவர் மட்டும், விஷயம் தெரியாததால், வாசற்படியில் உட்கார்ந்து இரண்டாவது தட்டை ருசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரைக் கூப்பிட்டு எழுப்ப வேண்டியிருந்தது.

கார் போன பிறகு அண்ணன் ஷட்டரை இறக்கினார். பட்டப்பகலில் எங்கள் ஷட்டர் இறங்கியது அதுவே முதல் தடவை.

"ஏன்ணா?" என்றேன்.

"உன் மெஷின் ஓடல."

"ஓடலன்னு சொல்லியிருப்பேன்ல?"

"எப்படிச் சொல்லுவ? ஊரே சால்வ போட்டிருக்கு. உன்ன நிக்க வெச்சு, 'என்னம்மா, பணத்த வாங்கி என்ன கிழிச்ச'ன்னு கேட்டா? அத என்னால பாக்க முடியுமா?"

"அவங்க அப்படிக் கேட்டிருக்க மாட்டாங்கண்ணா."

"கேக்காம யாரு பணம் குடுப்பாங்க?" என்று கத்தினார். பிறகு தராசு மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். "இந்த ஒரு தடவ தாண்டிட்டா, அப்புறம் நீயே உன்னோடத சரி பண்ணிடுவன்னு நெனச்சேன். உள்ள வெச்சிருக்கறத எடுத்துட்டு உன்னோடத திரும்ப வெச்சிருப்பேன். சத்தியமா."

அவர் சொன்னதை நான் நம்பினேன். நம்பியதால் பாரம் குறையவில்லை. அவர் அரசாங்கத்தை மட்டும் ஏமாற்றவில்லை, என்னையும் ஏமாற்றியிருந்தார் என்பது கூட இரண்டாவதாகத்தான் வலித்தது. முதலில் வலித்தது வேறு. என் வேலையில் அவருக்கு நம்பிக்கை இல்லை. என்னைப் படிக்கவைத்தவர், மைக்குக்கு முன்னால் கண் கலங்கியவர், நான் தோற்றுவிட்டேன் என்று முடிவு செய்து எனக்குத் தெரியாமலேயே என்னைப் பெட்டியிலிருந்து கழற்றி வெளியே வைத்திருந்தார். அண்ணிக்குக் கூட அது தெரிந்திருந்தது.

தெருவுக்குச் செய்தி பரவ நேரம் ஆகவில்லை. அண்ணன் பரப்பியதை விட வேகமாகப் பரவியது. யாரும் முகத்துக்கு நேரே எதுவும் சொல்லவில்லை. குடக் கடைக்காரர் மட்டும் நான் போகும்போதெல்லாம் குடங்களை அடுக்குவதில் மும்முரமாகிவிடுவார். ஸ்கூட்டரில் வரும் தெரிந்தவர்கள் தூரத்திலேயே வேறு சந்தில் திரும்புவது போல எனக்குத் தோன்றும். பாதி என் கற்பனையாக இருக்கலாம். அக்ரஹாரத்தில் ஒரு மளிகைக்கடைக்காரர், "நம்ம தராசுக்குள்ளயும் ஜப்பான் சாமானா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டது கற்பனை இல்லை. அதற்குப் பிறகு நான் தெருவைக் கடக்கும்போது தரையைப் பார்த்தே நடந்தேன்.

மானியம் நிறுத்தி வைக்கப்பட்டது. விளக்கம் சொல்ல பெங்களூருக்கு வரச் சொன்னார்கள். அண்ணனும் வந்தார். கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தார். அவர்கள் கேட்கும் முன்பே எழுந்து நின்று கன்னடத்தில் சொன்னார்.

"சார், என் தங்கச்சிக்கு இதுல ஒண்ணுமே தெரியாது. எல்லாம் நான் பண்ணது. என்ன தண்டனையோ எனக்குக் குடுங்க."

அதிகாரி லேசாகச் சிரித்து, கன்னடத்திலேயே கேட்டார். "இன்ஜினியர் அவங்களா, நீங்களா? பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு இன்ஜினியருக்குத் தெரியாதா?"

தெரியாது என்பதுதான் உண்மை. ஆனால் தெரியும் என்றால் நான் மோசக்காரி, தெரியாது என்றால் சொந்தக் கருவியின் மூடியைக் கூடத் திறந்து பார்க்காத முட்டாள். இரண்டில் எது குறைவான கேவலம் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அண்ணனின் கோட்டிலிருந்து நாப்தலீன் உருண்டை வாசனை வந்தது.

பேராசிரியர்தான் பேச்சை மாற்றினார். "உங்களோட அசல் சென்சார் என்ன ஆச்சு? தூக்கிப் போட்டாச்சா?"

"இல்ல சார். வீட்டுல இருக்கு. அது ஓடல."

"ஓடலன்னா? என்ன ஆகுது, சொல்லுங்க."

சொன்னேன். முதலில் தயங்கித் தயங்கி, பிறகு கரும்பலகைப் பக்கம் போய்ப் படம் போட்டு. ஆவி, எண் ஏறும் விதம், துடைத்தால் இறங்குவது, மறுபடி ஏறுவது. இங்கிலீஷ் போய்த் தமிழ் வந்துவிட்டது. தில்லிக்காரர் அந்தக் கூட்டத்தில் இல்லை, அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. எனக்கு அது நினைவுக்கே வரவில்லை. நான் முடித்ததும் பேராசிரியர் சொன்னார்:

"இதைக் கேட்கத்தானேம்மா நாங்க மைசூருக்கு வந்தோம். பணம் குடுத்ததே இதுக்குத்தான்."

அண்ணன் அவரை நிமிர்ந்து பார்த்தார். அப்போதுதான் முதல் முறையாக அவருக்கு அது புரிந்தது என்று நினைக்கிறேன். முகம் வெளுத்துவிட்டது.

ஒரு வாய்ப்பு கொடுத்தார்கள். பொறுப்பு இனி என்னுடையது மட்டும், அண்ணன் பெயர் எதிலும் இருக்கக் கூடாது. அடுத்த பரிசோதனை பட்டறையில் அல்ல, கௌதள்ளிக் கொட்டகையிலேயே, ஆவிக்கு நடுவில். பெட்டி திறந்தே இருக்க வேண்டும். அதுவரை மீதி மானியம் வராது. அதிகாரிக்கு இதில் விருப்பமில்லை என்பதைக் கதவைச் சாத்திய விதத்திலேயே காட்டினார்.

அதற்குப் பிறகு நான் தனியாகத்தான் கௌதள்ளிக்குப் போய் வந்தேன். கொள்ளேகாலில் பஸ் மாறி, ஹனூர் தாண்டி. அந்த வருஷங்களில் அந்தப் பக்கத்துக் காட்டுச் சாலைகளில் போலீஸ் சோதனை அதிகம். ஒரு தடவை சாவடியில் பஸ்ஸை நிறுத்தி, என் மடியிலிருந்த பெட்டியைத் திறக்கச் சொன்னார் ஒரு போலீஸ்காரர். அதில் மறைக்க எதுவும் இல்லை. என் சொந்த சர்க்யூட்தான். ஆனாலும் திருகாணியைக் கழற்றும்போது இரண்டு தடவை நழுவவிட்டேன். அவர் சந்தேகப்பட்டுப் பையில் இருந்ததையெல்லாம் கொட்டிப் பார்த்தார். பஸ்ஸில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். கொட்டகைக்காரருக்கும் விஷயம் போயிருந்தது. "ஏனுங்கம்மிணி, இந்தத் தடவ உள்ள இருக்கறது நம்மூரு ஆளுதானுங்களே?" என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்து, "தமாசுக்குக் கேட்டனுங்" என்றார். தமாஷ்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வழி கிடைத்தது என் மூக்குக் கண்ணாடியால். கொட்டகைக்குள் நுழைந்ததும் அதில் ஆவி படிந்து ஒன்றும் தெரியாமல் போகும். துடைத்துப் போட்டாலும் மறுபடி படியும். ஒரு நாள் அதைக் கழற்றி அடுப்புத் திட்டின் மேல் வைத்துவிட்டு வேலை பார்த்தேன். திரும்ப எடுத்து மாட்டியபோது கண்ணாடி கதகதப்பாக இருந்தது. ஆவிக்குள் குனிந்தேன். படியவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே குனிந்து நின்றேன். இழை பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் எனக்கு மயக்கம் வருகிறது என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

சென்சாரின் கண்ணாடியைச் சூடாக வைத்திருக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம். அதைச் செய்வதுதான் கஷ்டம். மயிரிழை போன்ற சூட்டுக் கம்பியைக் கண்ணாடியைச் சுற்றி ஒரே சீராகச் சுற்ற வேண்டும். என் கைக்கு அது வரவில்லை. பல கண்ணாடிகளை உடைத்தேன். அண்ணனிடம் கேட்கப் பிடிக்கவில்லை. நாங்கள் ஒரே பட்டறையில் உட்கார்ந்து, தேவையான வார்த்தைகளை மட்டும் பேசிக்கொண்டிருந்த காலம் அது. ஒரு நாள் மத்தியானம் நான் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தேன். என் மேஜை மேல் கம்பி சுற்றிய கண்ணாடி ஒன்று இருந்தது. அண்ணன் தராசு ஒன்றின் பின்னால் மும்முரமாக இருந்தார்.

"நல்லா இருக்கு" என்றேன்.

"நீ செக் பண்ணிக்கோ. பிரிச்சுப் பாத்துக்கோ" என்றார், நிமிராமல்.

பிரித்துப் பார்த்தேன். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு சுற்றையும் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை. அவரும் அதை எதிர்பார்த்தவர் போல உட்கார்ந்திருந்தார். அந்த அரை மணி நேரத்தில் எங்கள் இருவரில் யாருக்கு அதிக அவமானம் என்று எனக்குத் தெரியவில்லை.

கௌதள்ளிப் பரிசோதனைக்குப் பேராசிரியரும் அதிகாரியும் மட்டும் வந்தார்கள். மாலை இல்லை, பலகாரம் இல்லை. பெட்டி திறந்தே கிடந்தது. என் கருவி நூல் அறுந்தால் சொன்னது. முடிச்சு வந்தால், நன்றாகத் தடித்தால் சொன்னது. நுண்ணிய ஏற்ற இறக்கத்தை அதனால் பிடிக்க முடியவில்லை. அதையும் நானே சொன்னேன், அவர்கள் கேட்பதற்கு முன்பே. ஒளியை நானே அணைத்தேன். எண் உச்சிக்கு ஏறி நின்றது. அதிகாரி குனிந்து உள்ளே ஒவ்வொரு பாகமாக விரலால் தொட்டுப் பார்த்தார். கொட்டகைக்காரர், "எங்களுக்கு இது போதுமுங்க. அறுந்தாச் சொன்னாலே பெரிய ஒதவிங்" என்றார். பேராசிரியர் தலையசைத்தார்.

வெளியே வந்ததும் அவர் கேட்டார். "உங்க அண்ணன் வரலையா? அந்தக் கம்பி சுத்தினது யாரு, நீங்களா?"

"அண்ணன்தான் சார். அவருக்கு இன்னைக்கு உடம்பு சரியில்ல. காய்ச்சல்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. வர வேண்டாம் என்று நான்தான் சொல்லியிருந்தேன். அதை எப்படிச் சொல்வது?

கார் நிறுத்தியிருந்த பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தோம். டீக்கடை பெஞ்சில், கோட்டு இல்லாமல் சாதாரணச் சட்டையில், அண்ணன் உட்கார்ந்திருந்தார். அடுத்த பஸ்ஸில் வந்திருக்கிறார். கொட்டகைப் பக்கம் வரத் துணிவில்லாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். எங்களைப் பார்த்ததும் தம்ளரோடு எழுந்து நின்றார். எங்கே போவது என்று தெரியாமல் நின்றார். எனக்கு முகம் எரிந்தது. பேராசிரியர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நேராக அவரிடம் போனார்.

"காய்ச்சல் இப்ப தேவலையா?" என்றார்.

அண்ணன் அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தேவலைங்க சார்" என்றார்.

"உக்காருங்க. அந்தக் கம்பிய எப்படி அவ்வளவு சீரா சுத்தினீங்க, கொஞ்சம் சொல்லுங்க" என்று பேராசிரியர் பெஞ்சில் உட்கார்ந்து, கடைக்காரரிடம் இன்னும் டீ சொன்னார்.

அண்ணன் தம்ளரைக் கீழே வைத்து, காற்றில் விரலால் சுற்றிக் காட்ட ஆரம்பித்தார். அதிகாரி காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். நான் அவர்களோடு உட்காரவும் முடியாமல், அங்கிருந்து விலகவும் முடியாமல், திறந்த பெட்டியைக் கையில் பிடித்தபடி வெயிலில் நின்றுகொண்டிருந்தேன்.